கரிசல் வீடும் மனையியல் உயர்கல்வியும்: கழுகுமலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் மனையியல் எனப்படும் துறையின் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வுகள் வீட்டைப் பெரும்பாலும் நுகர்வு நிகழும் இடமாகவே கொள்கின்றன. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்துக் கரிசல் வீடு தானியம் குத்தும் இடமாகவும் தீப்பெட்டி ஒட்டும் இடமாகவும் ஒருசேர இயங்கிவந்த உற்பத்திக் களமாகும். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான மார்கரெட் ரீட் 1934-இல் முன்வைத்த வீட்டு உற்பத்திக் கோட்பாட்டைக் கம்பு, தீப்பெட்டி, பள்ளி உணவு ஆகியவற்றோடு பொருத்திக் காட்டுவதும், அது முதுநிலை ஆய்வின் வினாக்களை எவ்வாறு மாற்றும் என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: மனையியல், வீட்டு உற்பத்தி, நேரப் பயன்பாடு, கரிசல், கழுகுமலை, சிறுதானியம், தீப்பெட்டித் தொழில்

முன்னுரை

மனையியல் என்றவுடன் சமையலும் தையலும் நினைவுக்கு வருவது கல்விப்புலத்திற்கு வெளியே மட்டும் உள்ள பழக்கமன்று. பல்கலைக்கழகத்தின் பிற துறையினரும் அதனை அவ்வாறே எண்ணி வருகின்றனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வுக்குரிய மனையியல் பாடத்திட்டத்தைப் புரட்டினால், உணவு அறிவியல், ஊட்டச்சத்து, துணியியல், வள மேலாண்மையும் நுகர்வோர் சிக்கல்களும், வீட்டமைப்பு, மனித வளர்ச்சி, குடும்பவியல், விரிவாக்கக் கல்வி எனப் பல அறிவுப் பிரிவுகள் விரிகின்றன. பரப்பு குறைவானதன்று. முதுநிலையில் இப்பிரிவுகள் தனித்தனிப் பட்டங்களாகப் பிரிந்துவிடுவதுதான் சிக்கல். ஊட்டச்சத்து பயில்பவர் தட்டைப் பார்க்கிறார். வள மேலாண்மை பயில்பவர் அடுக்களையின் அமைப்பைப் பார்க்கிறார். விரிவாக்கம் பயில்பவர் விழிப்புணர்வின் அளவைப் பார்க்கிறார். இம்மூன்றும் ஒரே பெண்ணின் ஒரே நாளுக்குள் நிகழ்வன என்பதைப் பார்க்க வேண்டியவர் யார் என்பது தெளிவாக இல்லை.

அந்த ஒரு நாளை ஆராய்வதற்குக் கழுகுமலை வட்டாரம் பொருத்தமான இடம். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர் என்றதும் வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களுமே ஆய்வாளர்களின் நினைவுக்கு வரும். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் சமண ஆசிரியரும் அவர்தம் மாணாக்கியரும் இடம்பெற்றுள்ளனர். தமிழகப் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இவ்வூரைக் கடந்து செல்ல இயலாது. அது வீட்டைத் துறந்தவர்களின் கல்வி. இங்குப் பேசப்படுவதோ வீட்டையே பாடமாகக் கொண்ட கல்வி.

பெயரின் பயணம்

அமெரிக்காவில் எல்லன் ரிச்சர்ட்ஸ் முதலியோர் 1899 முதல் 1908 வரை நடத்திய லேக் பிளாசிட் மாநாடுகளிலிருந்து இத்துறை உருப்பெற்றது. 1909-இல் அதற்கெனத் தேசியச் சங்கம் அமைந்தது. வேதியியல் கற்ற ரிச்சர்ட்ஸ், குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர். வீட்டை அறிவியலின் ஆய்வுப்பொருளாக்கியதே அவர் காலத்தின் சாதனை. 'வீட்டுப் பொருளியல்' என்று அன்று சூட்டப்பட்ட பெயரை 1993-இல் ஸ்காட்ஸ்டேல் மாநாட்டில் கூடியோர் 'குடும்ப, நுகர்வோர் அறிவியல்கள்' என மாற்றினர். பழைய பெயரில் இருந்த 'பொருளியல்' உதிர்ந்து 'நுகர்வோர்' வந்து சேர்ந்தது. இது வெறும் பெயர் மாற்றம் எனக் கொள்ளத்தக்கதன்று.

இந்தியாவில் 1932-இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரியும், 1957-இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் தொடங்கப்பெற்றன. பின்னது 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதனை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தியலில் உயர்கல்வி பெற்றவர். தமிழகத்தில் மனையியல் ஆய்வு ஊட்டச்சத்தின் பக்கம் சாய்ந்தமைக்கு அவருடைய பயிற்சியும் ஒரு காரணம். உணவுப் பற்றாக்குறை நிலவிய 1950, 1960-களில் அது சரியான தேர்வும் ஆகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1980-இல் மதுரையில் நிறுவிய மனையியல் கல்லூரி இன்று சமுதாய அறிவியல் கல்லூரி என வழங்குகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாம் துறைத்தலைவர் குழு பரிந்துரைத்த பெயர் மாற்றம் அது. மனை என்ற சொல்லை விட்டால் துறைக்கு மதிப்புக் கூடும் என்ற எண்ணம் இதன் பின்னுள்ளது. மனையறம், மனைமாட்சி எனப் பழந்தமிழில் வேரூன்றிய சொல் இவ்வாறு கைவிடப்படுவது மொழி ஆய்வாளர்களும் கவனிக்கவேண்டிய ஒன்று.

கரிசல் வீட்டின் இயல்பு

கரிசல் மானாவாரி மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் விதைப்பையும் தை, மாசியில் அறுவடையையும் காண்பது. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, உளுந்து, பாசிப்பயறு ஆகியன அதன் மரபுப் பயிர்கள். அண்மைக் காலத்தில் மக்காச்சோளம் பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டுள்ளது. ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை என்பதால், எஞ்சிய மாதங்களில் வேறு வருவாய் தேடியாக வேண்டும். அவ்வருவாயைச் சென்ற நூற்றாண்டில் தந்தது தீப்பெட்டித் தொழில். சிவகாசியில் 1920-களில் வேரூன்றிய அத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை எனக் கரிசல் முழுவதும் பரவியமைக்கு வறண்ட வானிலையைப் போலவே, வேலையற்ற மாதங்களில் குறைந்த கூலிக்குக் கிடைத்த பெண்களின் உழைப்பும் காரணமாயிற்று.

இத்தொழிலில் குச்சி அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் நெடுங்காலம் பெண்களின், ஒரு காலத்தில் குழந்தைகளின், வேலையாக இருந்தன. குழந்தைத் தொழிலாளர் நிலையைப் பூமணி தம் 'கருவேலம்பூக்கள்' திரைப்படத்தில் காட்டியுள்ளார். பெட்டி ஒட்டுதல் வீட்டிலேயே நடந்த வேலை. கூலி குரோஸ் கணக்கில் தரப்பட்டது. ஒரு குரோஸ் 144 பெட்டிகள். பசை காய்ச்சும் அடுப்பு, ஒட்டிய பெட்டியை உலர்த்தும் முற்றம், இரவில் எரியும் விளக்கு ஆகிய அனைத்தும் வீட்டினுடையவை. ஆலை முதலாளி கட்டவேண்டிய கூடத்தையும் தரவேண்டிய வெளிச்சத்தையும் தொழிலாளியின் வீடே தந்தது. அட்டைப் பெட்டிகளும் எந்திரங்களும் வந்தபின் இவ்வேலை பெரிதும் சுருங்கிவிட்டது. வீட்டமைப்புப் பாடம் முன்னறையையும் படுக்கையறையையும் வண்ணப் பொருத்தத்தையும் கற்பிக்கிறது. தானியமும் பெட்டியும் மாறி மாறிக் காயும் முற்றத்திற்கு அப்பாடத்தில் பெயரில்லை. வீட்டுவழித் தொழிலாளர்க்கென 1996-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை.

கம்பு ஏன் அடுக்களையை விட்டகன்றது?

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பெற்றது. மானாவாரிப் பயிர்களுக்கான ஆய்வு அங்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெறுகிறது. விதையிலிருந்து களத்துமேடு வரை பயிரின் கதை அங்கு எழுதப்படுகிறது. களத்துமேட்டிலிருந்து குலுக்கைக்கும், குலுக்கையிலிருந்து உரலுக்கும், உரலிலிருந்து அடுப்புக்கும் தானியம் செல்லும் வழியை எழுதவேண்டியது மனையியல்.

மனையியல் இதுவரை எழுதியது என்ன? ஊட்டச்சத்துப் பிரிவின் முதுநிலை ஆய்வேடுகளில் மிகப் பழகிய வடிவம் ஒன்றுண்டு. கம்பையோ குதிரைவாலியையோ மாவாக்கி, வெவ்வேறு விகிதங்களில் கோதுமையோடு கலந்து, பிஸ்கட்டோ சேமியாவோ செய்து, பயிற்சி பெற்ற சுவைஞர் குழுவிடம் ஒன்பது புள்ளி விருப்ப அளவுகோலில் மதிப்பெண் பெறுவது. முறையியலில் குற்றம் காண இடமில்லை. ஆனால் கரிசல்காட்டில் கம்பு கைவிடப்பட்டதற்குச் சுவை குறைந்தது காரணமன்று. கம்பங்கூழையும் குதிரைவாலிச் சோற்றையும் விரும்பி உண்டவர்களே அவற்றை விட்டனர்.

சத்தின் கணக்கு கம்பின் பக்கமே நிற்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் 6.42 மில்லிகிராம் இரும்புச்சத்தும், தீட்டிய பச்சரிசியில் 0.65 மில்லிகிராமும் உள்ளன. கம்பிலுள்ள பைட்டிக் அமிலம் அதன் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதைக் கழித்தாலும் வேறுபாடு பெரிது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை உள்ளதாகக் காட்டுகிறது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து, 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என முடிப்பது ஆய்வேடுகளின் வழக்கம். அறியாமை என்ற விடை ஆய்வாளர்க்கு எளிது. அது பெரும்பாலும் தவறான விடை.

கம்பு சோறாவதற்கு முன் நீர் தெளித்து உரலிலிட்டுக் குத்தி, சுளகால் புடைத்து, மீண்டும் குத்த வேண்டும். குதிரைவாலியின் உமி இன்னும் கடினம். பலமுறை குத்திப் புடைத்தாலன்றி அரிசி வாராது. இவ்வுழைப்பு முழுவதும் பெண்ணுடையது. அதே பெண்ணின் கைக்கு குரோஸ் கணக்கில் கூலி கிடைக்கத் தொடங்கியபின், உலக்கை பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பெட்டி ஒட்டாத மணி நேரமாகிறது. கம்பின் உண்மையான விலை சந்தை விலையோடு குத்தும் நேரத்தின் விலையும் சேர்ந்தது. நியாய விலைக் கடை அரிசியோ உமி நீங்கியே வருகிறது; 2011 ஜூன் 1 முதல் தமிழகத்தில் அது விலையின்றியும் கிடைக்கிறது. நிலத்தில் கம்பு இருந்த இடத்தை மக்காச்சோளம் பிடித்ததும் இக்கணக்கோடு ஒத்துப்போவதே: மக்காச்சோளம் கோழித்தீவனத்திற்காக அப்படியே விலையாகிவிடும், உரலைக் காண்பதில்லை. எனவே ஆய்வுக்குரிய வினா சிறுதானிய பிஸ்கட்டின் மொறுமொறுப்பன்று. உமி நீக்கும் சிறு எந்திரம் ஓர் ஊரில் எவ்வளவு தொலைவில், எவ்வளவு கட்டணத்தில் இருந்தால் குதிரைவாலி மீண்டும் அடுப்பேறும் என்பது.

மூன்றாம் ஆள் அளவுகோல்

இவ்வாறு சிந்திப்பதற்கான கருவி துறைக்கு வெளியிலிருந்து வந்ததன்று. அயோவா மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய மார்கரெட் ரீட், தம் ஆசிரியர் ஹேசல் கிர்க்கின் வழிகாட்டலில் சிகாகோவில் செய்த ஆய்வை விரித்து, வீட்டு உற்பத்தியின் பொருளியல் பற்றிய நூலை 1934-இல் வெளியிட்டார். எது உற்பத்தி, எது நுகர்வு என்பதற்கு அவர் தந்த அளவுகோல் எளிது. ஒரு செயலைக் கூலி பெறும் மூன்றாம் ஆள் ஒருவர் செய்து தர இயலுமானால் அது உற்பத்தி; இயலாதெனில் நுகர்வு. கம்பு குத்துவதை வேறொருவர் செய்யலாம். கூழைக் குடிப்பதை வேறொருவர் செய்ய முடியாது. அதே 1934-இல் சைமன் குஸ்நெட்ஸ் அமெரிக்க நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டு அளித்த அறிக்கையில் வீட்டுப் பெண்டிரின் பணிகள் சேர்க்கப்படவில்லை. உலகம் குஸ்நெட்ஸின் கணக்கைப் பின்பற்றியது. ரீட் விட்ட இடத்தை 1965-இல் கேரி பெக்கர் நேர ஒதுக்கீட்டுக் கோட்பாடாக வளர்த்துப் பொருளியலுக்குக் கொண்டுசென்றார். இன்று பொருளியல் மாணவர் பெக்கரைப் படிக்கிறார். மனையியல் மாணவரோ தம் துறையின் சொத்தான ரீட்டைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

ரீட்டின் அளவுகோலுக்குக் கரிசல் மண்ணிலேயே நேரான சான்று உண்டு. காமராசர் ஆட்சியில் 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. 1982 ஜூலை 1 முதல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. பிள்ளைக்குத் தாய் கிண்டிய உப்புமா எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. அதே உப்புமாவைப் பணியாளர் கிண்டும்போது அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கொரு தலைப்பும் தொகையும் உண்டாகின்றன. மூன்றாம் ஆள் வந்து செய்த அன்றே அது முன்பும் உற்பத்தியாகவே இருந்தது என்பது வெளிப்பட்டது. பள்ளி உணவைப் பற்றிய ஆய்வுகள் குழந்தையின் எடை, உயரம், வருகை ஆகியவற்றை அளக்கின்றன, அது தேவையே. காலையில் மிச்சமான அரைமணி நேரம் தாயின் உறக்கத்திற்குப் போயிற்றா, கூலி வேலைக்குப் போயிற்றா, மூத்த மகளின் படிப்பிற்குப் போயிற்றா என்பதும் அளக்கத்தக்கது.

நேரக் கணக்கின் சிக்கல்கள்

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதற்குமான நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. முதல்நாள் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, அரைமணிக் கூறுகளாக, 6 வயதுக்கு மேற்பட்டோரின் செயல்கள் பதியப்பட்டன. ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்டோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கு இழப்பீடு கணிப்பது குறித்த 2021 ஜனவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இவ்வெண்களை எடுத்தாண்டது. தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்குகிறது. நீதிமன்றமும் அரசும் வீட்டுழைப்புக்கு மதிப்பிடும் காலத்தில், அம்மதிப்பீட்டைத் தன் கல்வியின் நடுவில் வைத்திருக்க வேண்டிய துறை ஒதுங்கி நிற்பது விந்தையே.

மதிப்பிடும் முறைகள் இரண்டு வழக்கிலுள்ளன. அவ்வேலையைச் செய்ய ஆள் வைத்தால் ஆகும் கூலியைக் கொள்வது ஒன்று; அந்நேரத்தில் அப்பெண் வெளியில் ஈட்டியிருக்கக்கூடிய வருவாயைக் கொள்வது மற்றொன்று. நகரத்து வீட்டில் பின்னது மிகும். கரிசல் வீட்டில் அவ்வருவாய் பெட்டி ஒட்டும் கூலியாகவே இருந்ததால், வீட்டுழைப்பின் மதிப்பும் அதனோடு சேர்ந்து தாழ்ந்துவிடும். அதே உழைப்பைச் சத்துணவு சமையலரின் ஊதியத்தால் மதிப்பிட்டால் வேறோர் எண் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஆய்வேட்டின் முறையியல் இயலில் இரண்டு வரிகளில் முடிகிற செய்தியன்று. முடிவையே மாற்றிவிடும் செய்தி.

எல்லைக்கோடும் கவனத்திற்குரியது. ஐக்கிய நாடுகள் அவையின் நாட்டுக் கணக்கு முறைப்படி, சொந்தப் பயன்பாட்டுக்காகப் பொருளை ஆக்குவது உற்பத்தி எல்லைக்குள் வரும். சொந்த வீட்டுக்குச் செய்யும் சேவை வராது. எனவே குடத்தில் நீர் கொணர்வதும், சீமைக்கருவேல விறகோ பருத்திமாரோ சேர்ப்பதும், கம்பு குத்துவதும் எல்லைக்கு உள்ளே. அந்நீரை ஊற்றி, அவ்விறகை எரித்து, அக்கம்பைச் சமைப்பது எல்லைக்கு வெளியே. உரலுக்கும் அடுப்புக்கும் இடையே நான்கடி தூரந்தான். அங்கு ஓடும் அக்கோட்டை வரைந்தவர்கள் உரலையும் அடுப்பையும் ஒரே முற்றத்தில் கண்டிருக்க வாய்ப்பில்லை.

அரைமணிக் கூறுகளும் கரிசல் வீட்டுக்கு முழுதும் பொருந்துவதில்லை. பெட்டி ஒட்டிக்கொண்டே உலையைப் பார்ப்பதும், உலையைப் பார்த்துக்கொண்டே தொட்டிலை ஆட்டுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வன. ஒரு கூறில் ஒன்றுக்கு மேற்பட்ட செயல்களைப் பதிய ஆய்வுப் படிவத்தில் இடமுண்டு. ஆயினும் அவற்றுள் எது முதன்மை என்று கேட்கும்போது கூலி தரும் செயலையே பெண்கள் சொல்லக்கூடும். தொட்டில் பின்னுக்குப் போய்விடும்.

முதுநிலை ஆய்வேட்டிற்கு இதனால் ஆவது

முதுநிலை மாணவர் ஒருவர்க்குக் கள ஆய்வுக்கு ஒரு பருவமே கிடைக்கும். 300 பேரிடம் ஒருமுறை வினாநிரல் நிரப்புவதைவிட, கழுகுமலையைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் 20 வீடுகளில் நேரக் குறிப்பேடு எழுதச் செய்வது கூடுதல் பயன் தரும். எழுதப் பழக்கமில்லாதவர்க்கு மாலையில் சென்று கேட்டு எழுதலாம். கடிகார மணிக்கு மாற்றாகப் பேருந்து வரும் நேரம், பள்ளி மணி, ஆலைச் சங்கு ஆகியவற்றை வைத்துக் கேட்டால் விடை துல்லியமாக அமையும். முனைவர் பட்ட ஆய்வாயின் இதனை ஆண்டில் இருமுறை செய்ய வேண்டும். புரட்டாசி விதைப்பின் நாளும் சித்திரைக் கோடையின் நாளும் ஒரே பெண்ணுக்கு இரு வேறு நாள்கள்; இரண்டின் சராசரி அவள் ஒருபோதும் வாழாத மூன்றாவது நாள்.

சொல்லையும் கருத வேண்டும். இத்துறை ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், குலுக்கை, சுளகு, பருத்திமார் என்பன முறையே சேமிப்புக் கலன், முறம், விறகு ஆகியவற்றுக்குரிய பொதுச் சொற்களாகி வேறுபாட்டை இழக்கின்றன. பருத்திமார் குப்பென்று எரிந்து விரைவில் அணைவது. சீமைக்கருவேலம் நின்று எரிவது. அடுப்படியில் பெண் எவ்வளவு நேரம் கட்டுண்டு கிடக்கிறாள் என்பதை விறகின் பெயரே சொல்லிவிடும். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியை இலக்கிய மாணவர் புரட்டுகின்றனர். அதனை வினாநிரலுக்கு முன் படிக்க வேண்டிய நூலாக வள மேலாண்மை மாணவர்க்கு வழங்கலாம். தமிழ்த்துறையும் மனையியல் துறையும் ஒரே வளாகத்தில் இயங்கும் கல்லூரிகள் மதுரையிலும் கோவையிலும் உள்ளன. நேரக் குறிப்பேட்டின் செயற்பட்டியலைக் கரிசல் வழக்கில் வகுத்துத் தருவதிலிருந்து அவற்றின் கூட்டுப்பணி தொடங்கலாம்.